மொய் தெரியாத ஆப்

போன மாதம் விண்டோஸிலிருந்து மேக்குக்கு மாறினேன். பழைய வீட்டுக் கணக்கு மென்பொருள் இதில் ஓடாது. நாலைந்து ஆப்களை ஒப்பிட்டு, வரைபடம் அழகாக இருந்த ஒன்றை வாங்கினேன். பழைய கணக்கெல்லாம் ஏறிவிட்டது என்றது. நம்பி, பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன்.

இன்று அவனியாபுரத்தில் காதுகுத்து. மனைவியின் சித்தப்பா வீட்டு விசேஷம். அவள் காலையிலேயே போய்விட்டாள்.

மொய் எழுதும் வரிசையில் நின்று போனில் அதே ஆப்பைத் திறந்தேன். நம் வீட்டு விசேஷத்துக்கு சித்தப்பா எவ்வளவு செய்தார் என்று தெரிந்தால்தானே, கூடப் போட்டு எழுத முடியும்? வந்த மொய் அத்தனையும் 'பரிசு' என்ற தலைப்பில் கிடந்தது. தொகை இருந்தது. பேர் ஒன்றுகூட இல்லை.

"எம்புட்டுண்ணே எழுத?" என்றார் எழுதுகிறவர்.

பின்னால் ஆட்கள் நின்றார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ரெண்டாயிரத்து ஒண்ணு."

உடனே மைக்கில் வாசித்துவிட்டார்கள்.

பந்தியில் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா நமக்கு அஞ்சாயிரம் செஞ்சாருங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

மிச்சத்தைக் கொடுக்க ஓடினேன். "மைக்குல சொல்லியாச்சேண்ணே, இனி எப்படி மாத்துறது?" என்றார் எழுதினவர்.

கிளம்பும்போது சித்தப்பா என் கையைப் பிடித்து, "நல்லா சாப்ட்டீகளா மாப்ள?" என்றார், எப்போதும் போல. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேக்கில் ஓடுகிற, மொய் என்றால் என்னவென்று தெரிந்த ஆப் இருந்தால் சொல்லுங்கள். இன்றைய மொய்யை ஏற்றியதும் என்னுடையது பச்சை அம்பு காட்டி வாழ்த்துகிறது: "பரிசுச் செலவைக் குறைத்துவிட்டீர்கள்!"