கட்டுகஸ்தோட்டைக்குச் சரிவராது

குண்டசாலையைத் தாண்டி பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று இருக்கிறது. ஏறுவதற்கு அதைவிட மோசமான பாறையை நான் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளையாக, உறுதியாகத்தான் தெரியும். கிட்டப் போய்க் கையை வைத்தால் சீனி மாதிரி உதிரும். ஒரு மழைக்குப் பிறகு, போன வாரம் கால் வைத்த இடம் இந்த வாரம் இருக்காது. புத்தியுள்ள எவனும் அங்கே ஏறமாட்டான். நாங்கள் ஐந்து பேர் பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏறினோம்.

எங்கள் தொழிலே ஏறுவதுதான். வாரத்தில் ஆறு நாளும் டெலிபோன் டவர்களில் ஏறி வேலை பார்ப்போம். ஏழாவது நாளும் ஏன் ஏறுகிறீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. டவரில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று வேறு யாரோ முடிவு செய்து கம்பி போட்டிருக்கிறார்கள். பாறையில் அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

அந்த ஐந்து பேரில் எனக்குச் சரிசமமாக ஏறக்கூடியவன் ஒருவன்தான். கட்டுகஸ்தோட்டைக்காரன், முஸ்லிம். நான் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, வேலைக்காகக் கண்டியில் அறை எடுத்துத் தங்கியவன். இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே டவரின் உச்சியில்தான் முதல் தடவை தலை சுற்றி வாந்தி எடுத்தோம். முதலில் எடுத்தது அவன் என்று நானும், நான் என்று அவனும் வெகு காலம் வாதாடினோம்.

பாறையில் ஒரு புது வழியைக் கீழிருந்து மேல்வரை விழாமல் முதலில் ஏறியவனுக்குத்தான் அந்த வழிக்குப் பெயர் வைக்கும் உரிமை. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களாகப் பழக்கிக்கொண்டது. பெயர்களை எழுதி வைக்க ஒரு கொப்பி இருந்தது. அதில் வழியின் படமோ விளக்கமோ கிடையாது. எழுதுவதற்குச் சோம்பேறிகள் நாங்கள். அதனால் பெயருக்கு ஒரு கட்டாயம் வைத்தோம். அந்த வழியில் பாறை எங்கே ஏமாற்றும் என்பதைப் பெயரே சொல்லிவிட வேண்டும். அடுத்து ஏறுகிறவனுக்கு அந்தப் பெயர் மட்டும்தான் எச்சரிக்கை.

அந்தக் கட்டாயத்துக்குள் நின்றுகொண்டே ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுப்பதுதான் எங்கள் விளையாட்டு. ஒரு வழியில் இரண்டு இடத்தில் கைப்பிடி உடைந்து நான் இரண்டு தரம் “அம்மா” என்று கத்தினேன். பிறகு அவன் அதே வழியை விழாமல் ஏறி, “அம்மா இரண்டு தரம்” என்று எழுதினான். உடையும் இடம் இரண்டு என்பது எல்லோருக்கும் விளங்கியது. என் மானமும் போனது. நான் சும்மா இருப்பேனா? மெலிந்தவனை மட்டுமே தாங்கும் ஒரு மெல்லிய படி இருந்த வழிக்கு, “புரியாணி தின்றவன் போகாதே” என்று பெயர் வைத்தேன். அவன் கல்யாணத்துக்குப் பிறகு நன்றாக ஊதியிருந்தான். அந்தப் பெயரை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இப்படிப் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், ஏறுவதை விடப் பெயர் வைப்பதற்காகவே நான் ஏறினேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த ஊரில் தன் பெயர் சொல்ல என்ன இருக்கிறது? இருபது முப்பது அடிப் பாறையாவது இருக்கட்டும் என்று ஒரு வீம்பு.

குவாரியின் இடது பக்கத்தில், மற்றவற்றை விட உயரமான ஒரு சுவர் இருந்தது. அதை அவன்தான் முதலில் பார்த்தான். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாசியைத் தேய்த்து, ஆடும் கற்களைத் தட்டி இறக்கி, கயிறு மாட்டுவதற்கு போல்ட் அடித்து, ஒவ்வொரு அடியாக ஏறிப் பார்த்தான். பாதிக்குச் சற்று மேலே ஒரு வழுக்கலான இடத்தில் ஒவ்வொரு தடவையும் விழுந்தான். ஒருவன் துப்புரவு செய்த வழியில் அவன் முடிக்கும்வரை மற்றவன் கை வைப்பதில்லை. அதையும் நாங்கள் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய விஷயமா அது?

ஒரு ஞாயிறு அவன் மச்சினியின் கல்யாணத்துக்குப் போயிருந்தான். நான் அந்தச் சுவருக்குக் கீழே போய் நின்றேன். “வேணாம், அது அவன்ட வழி” என்று எங்களில் ஒருவன் சொன்னான். “சும்மா தொட்டுப் பாக்குறேன்” என்றேன். பொய். வழுக்கலான இடத்தை முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டேன். அதற்கு மேலே அவன் கை படாத பாறை. அங்கே அரிசி மூட்டை அளவில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து இழுத்தேன். இழுத்துத் திறக்கிற மேசை லாச்சி மாதிரி ஒரு விரற்கடை வெளியே வந்தது. மெதுவாக உள்ளே தள்ளிவிட்டு, பக்கத்திலிருந்த ஒரு சின்னப் பிளவில் விரலைச் செருகி, அந்தக் கல்லைத் தொடாமல் மேலே போய்ச் சேர்ந்தேன்.

கொப்பியைக் கையில் எடுத்தபோது எனக்கு இரண்டு பெயர்கள் தோன்றின. ஒன்று, “லாச்சி.” அதை எழுதியிருந்தால் போதும். எங்கள் ஐந்து பேருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அதில் அவனைச் சீண்ட ஒன்றும் இல்லை. மூன்று மாதம் அவன் உழைத்த வழியை நான் ஒரே காலையில் முடித்திருக்கிறேன், அது அந்தப் பெயரில் தெரியவேண்டாமா? “கட்டுகஸ்தோட்டைக்குச் சரிவராது” என்று எழுதினேன். நான் எழுதிய பெயர்களில் பாறையைப் பற்றி ஒன்றுமே சொல்லாத பெயர் அது ஒன்றுதான். வாசித்தவர்கள் சிரித்தார்கள். கல் ஆடியதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அவ்வளவு பெரிய கல்லை ஏன் தட்டி இறக்காமல் வந்தாய் என்று கேட்பார்கள். பயந்துபோய் அவசரமாக மேலே ஓடினேன் என்று சொல்ல வேண்டி வரும்.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். கொப்பியைத் திறந்து வாசித்தான். வழக்கம்போலச் சிரித்தான். ஆனால் புரியாணிக்குச் சிரித்த சிரிப்பு இல்லை அது. “கயிறப் புடி மச்சான்” என்று மட்டும் சொன்னான். அவன் ஏற, நான் கீழே நின்று கயிற்றைப் பிடித்தேன். வேறு யாரையும் அவன் கேட்கவில்லை.

அன்றைக்கு அவன் ஏறிய மாதிரி அதற்கு முன்னால் ஏறியதில்லை. மூன்று மாதமாக விழுந்த இடத்தைத் தாண்டிவிட்டான். மற்றவர்கள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். நான் போடவில்லை. அந்தக் கல்லுக்கு அவன் வந்து சேர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேரட்டும், அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்தான். கல்லில் கை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். களைப்பாறுகிறான் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியது வாய்வரை வந்தது. மூன்று பேர் பக்கத்தில் நிற்க, தெரிந்தும் எழுதவில்லை என்று எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தில் அவன் இழுத்தான்.

கல் முழுதாக வெளியே வந்தது. கல்லோடு சேர்ந்து அவனும் விழுந்தான். கயிறு என் உள்ளங்கையில் ஓடித் தோலை உரித்தது. நான் விடவில்லை. அவன் நிலத்துக்கு ஒரு ஆள் உயரத்தில் வந்து நின்றான். ஆனால் விழுகிற வழியில் கல் அவன் வலது காலைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டுத்தான் போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்தது. அவன் கத்தவில்லை. “இறக்கு, இறக்கு” என்று மெல்லச் சொன்னான். ஒரு பலகையில் கிடத்தி றோட்டுக்குத் தூக்கி வந்து, மரக்கறி ஏற்றி வந்த வேன் ஒன்றை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

கால் தப்பியது. இரண்டு சத்திரசிகிச்சை, கம்பிகள், ஒரு வருடம் ஊன்றுகோல். மற்றக் காலை விடக் கட்டையாகத்தான் பொருந்தியது. அவனால் இனி டவரில் ஏற முடியாது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் கைபேசி திருத்தும் கடை போட்டான்.

எனக்கு நடந்தது என்னவென்றால், நான் நல்லவனாகிவிட்டேன். கயிற்றை விடாமல் பிடித்து உயிரைக் காப்பாற்றியவன். உரிந்த என் உள்ளங்கையை அவனுடைய வாப்பா தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் மனைவி எனக்கென்று தனியாக ஒரு தட்டில் வட்டிலாப்பம் வைத்துக்கொடுப்பாள். நான் வாங்கிக்கொள்வேன். அறைக்குக் கொண்டுவந்து பக்கத்து அறைக்காரனிடம் கொடுத்துவிடுவேன். எப்படி இருந்தது என்று கேட்டால், “ரொம்ப ருசி” என்பேன். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. அவனை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

போன பெருநாளுக்குத் தட்டை நீட்டியபோது அவள், “அண்ணா, நீங்க இல்லாட்டி எங்கட வாழ்க்கையே இல்ல. ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்குத் துஆ கேக்குறன்” என்றாள். அவன் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நான் தட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். எனக்காக ஒருத்தி கடவுளிடம் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். அதற்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு பின்னேரம் கடைக்குப் போனேன். மழை. கடையில் வேறு யாரும் இல்லை. அவன் ஒரு கைபேசியைக் கழற்றிப்போட்டு, பூதக்கண்ணாடிக்குள்ளால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். “வா மச்சான், இரி” என்றான். நான் கதிரையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

“அந்தக் கல்லு ஆடுறது எனக்குத் தெரியும் மச்சான். நான் ஏறுன அன்னைக்கே ஆடுச்சு. தெரிஞ்சுதான் கொப்பியில எழுதாம விட்டேன்.”

அவன் கை நின்றது. தலையைத் தூக்கவில்லை.

“எவ்வளவு வந்திச்சி?” என்று கேட்டான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விரலைக் காட்டினேன். “ஒரு விரக்கடை.”

“எனக்கும் அவ்வளவுதான் வந்திச்சி” என்றான். “நானும் உள்ளுக்குத் தள்ளிட்டேன்.”

மழைச் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகப்பட்டேன். இல்லை, சரியாகத்தான் கேட்டிருந்தேன். கை வைத்த உடனேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மாதம் அந்தச் சுவரைத் தட்டித் தட்டிப் பழகியவனுக்குத் தெரியாமல் இருக்குமா? இந்தப் புத்தி எனக்கு மூன்று வருடத்தில் ஒரு நாளாவது வந்ததா? எழுதாத ஒரு சொல்தான் அவன் காலை உடைத்தது என்று நினைத்து நினைத்து நான் தேய்ந்துகொண்டிருந்தேன்.

“அப்ப ஏன் மச்சான் எறங்கல?” என்றேன். “சொன்னா மெல்ல எறக்கியிருப்பேனே.”

“எறங்கத்தான் பாத்தேன்.” இப்போதுதான் நிமிர்ந்தான். கோபம் இல்லை அவன் முகத்தில். இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “கால எடுத்தும் வச்சேன். நீ வச்ச பேரு மண்டைக்குள்ளயே நின்டிச்சி. சரிவராதுன்டு எழுதி வச்சிரிக்கிறான், இப்ப எறங்கினா அது சரியாப் போயிரும்டு நெனச்சேன். அதான் இழுத்தேன்.”

கல்லைப் பற்றி எழுதாமல் விட்டதற்காக மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். நான் எழுதாமல் விட்டது அவனை ஒன்றும் செய்யவில்லை. எழுதியதுதான் செய்தது.

“ஏன் இத்தன நாளா இத எங்கிட்ட சொல்லல?”

“என்னத்தச் செல்ல? ஒரு பேருக்காகக் கால ஒடச்சிக்கிட்டேன்டு செல்லவா? வீட்ல தெரிஞ்சா என்னயத்தான் ஏசுவாங்க.” கொஞ்சம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “இழுக்கிறதுக்கு முன்னுக்கு ஒருக்காக் கீழ பாத்தேன். நீ வாயத் தொறந்துக்கிட்டு நின்ட. சிரிக்கப் போறான்டு நெனச்சேன்.”

“இல்ல மச்சான்” என்றேன். “சொல்லத்தான் வாயத் தொறந்தேன். கல்லப் புடிக்காதன்னு சொல்லத்தான்.”

அவன் என்னைப் பார்த்தான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன்.

“சத்தம் வரல்லயே மச்சான்” என்றான்.