சின்ன மிதவைச் சட்டை

தெலுக் பஹாங் கடற்கரையை விட்டு, படகு அலையாத்திக் கால்வாய்க்குள் நுழைகிறது. சேற்றில் ஓர் உடும்பு வெயில் காய்கிறது. இருபது வருடங்களுக்கு முன் இதே கால்வாயில், உடும்பைப் பார்க்க என் மகள் எட்டி எட்டிச் சாய்ந்தாள். அவள் சட்டைக் காலரை நான் விடவே இல்லை.

"அக்கா, அந்தச் சின்ன லைஃப் ஜாக்கெட் யாருக்கு?" என்கிறார் படகோட்டி.

அப்போதுதான் குனிந்து பார்க்கிறேன். கரையில் என் மிதவைச் சட்டையோடு, பழைய பழக்கத்தில் பிள்ளைகள் போடுவதையும் எடுத்து வந்து மடியில் வைத்திருக்கிறேன்.

"மகளுக்கு."

"எங்க அவங்க?"

"சிம்பாங் அம்பாட்ல வேலை. இருபத்தாறு வயசு."

"அப்ப இது அவங்க கைக்குக்கூட பத்தாது லா, அக்கா!"

நானும் சிரித்துவிடுகிறேன். போன மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அவள் கை முறிந்தது. இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. 'அம்மா, நாளைக்கு மோட்டார்லயே வேலைக்குப் போகட்டா?' என்று காலையில் கேட்டிருந்தாள். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

சின்னச் சட்டையைப் படகோட்டியிடம் கொடுக்கிறேன். கைப்பேசியை எடுத்து எழுதுகிறேன்: 'போ. ஹெல்மெட் வாரை இறுக்கிக் கட்டிக்கோ.'

அனுப்பிவிட்டு, படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.