செர்ரோவின் ஆள்காட்டிக் குருவி

உள்ளறையில் கர்ரென்று மரம் தரையில் உராயும் சத்தம். அடுத்து ஒரு முனகல். சமையலறையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி ஒலிவார் புருவத்தை உயர்த்தினார்.

"என்னம்மா அது?"

"பயிற்சி நடக்குது," என்றேன். அடுத்த வீட்டுக்காரி நான். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டதும் நான்தான்.

ரக்பியில் எட்டுப் பேர் தோள் கோத்து எதிரணியை முட்டித் தள்ளுவார்கள். அதில் முன்வரிசைக்காரன் வில்மார் டெச்சேரா. தள்ளிப் பழக அவனுக்கு வீட்டில் வாய்த்தது ஒரு மரப்பெட்டியும், பாரத்துக்காக அதன்மேல் ஏறி உட்காரும் மனைவி மிர்த்தாவும்தான். அவள் வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில் அந்த வேலை எனக்கு வந்துசேரும்.

உருகுவே அணிக்கு ஆள்காட்டிக் குருவியின் பெயர்; சட்டையிலும் அந்தப் பறவைதான். அதைப் போட்டவர்களில் பெரும்பாலோர் பணக்காரப் பேட்டையான கராஸ்கோவின் பங்களாப் பிள்ளைகள். கூலிக்காரப் பேட்டையான எங்கள் செர்ரோவிலிருந்து, அதுவும் மாடு அறுக்கும் கூடத்திலிருந்து போன ஒரே ஆள் இவன்தான். அரை நூற்றாண்டாக அர்ஜென்டினாவிடம் அடி வாங்கியே வளர்ந்த அணி, அந்த 1999இல் முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போகிறது.

இருவரும் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார்கள். கூடத்து மேஸ்திரி சுற்றி வளைக்கவில்லை.

"லீவு கிடையாதுப்பா வில்மார். ஏற்றுமதி நேரம். போறதுன்னா கத்தியை ஒப்படைச்சிட்டுப் போ."

வில்மாரின் தலை தாழ்ந்தது. "பிள்ளைங்க இருக்கே மேஸ்திரி. யோசிக்கணும்."

"இதுல என்ன யோசனை? உன்கூட ஆடற டாக்டர் மகன் தோத்துட்டு வந்தா அவன் அப்பன் ஆஸ்பத்திரி காத்திருக்கும். உனக்கு எது காத்திருக்கும்? நூறு புள்ளி வாங்கிக் கட்டிக்கத்தானே போறீங்க?"

வந்தவருக்கு வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சக் கொடுக்கும் இலைச்சாறு மாத்தே; மிர்த்தா அந்தக் குடுவையைக் கையில் எடுத்தாள். அடுப்பில் கெண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரைப் பிடித்து மேஸ்திரியிடம் நீட்டினாள்.

எங்கள் ஊரில் குளிர்ந்த மாத்தே கொடுத்தால் 'எழுந்து போ' என்று அர்த்தம். பகையாளிக்குக்கூட யாரும் அப்படிக் கொடுக்கத் துணியமாட்டார்கள்.

ஒரு இழுப்பு இழுத்ததும் மேஸ்திரியின் முகம் சிவந்தது. "உங்க அப்பனுக்கு வேலை போட்டுக் கொடுத்தவன் நான்."

"மறக்கல மேஸ்திரி. அதனாலதான் குடுவையாவது கொடுத்தேன்."

"பாத்தியா வில்மார்? உன் பொண்டாட்டி உன் சோத்துல மண்ணள்ளிப் போடறா."

"சோறு நான் பாத்துக்கறேன்," என்றாள் மிர்த்தா. "ஊர்த் துணியெல்லாம் துவைச்சாவது போடறேன். இவரு நூறு இல்ல, இருநூறு வாங்கட்டும். நாளைக்கு என் பிள்ளைங்க, 'அப்பா ஏன் போகல'ன்னு கேட்டா, 'மேஸ்திரி வேண்டாம்னாரு'ன்னு சொல்ல என் நாக்கு புரளாது."

வில்மார் அவளையே பார்த்தான். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய், துணியில் சுற்றிய கத்தியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"வியாழக்கிழமை விமானம், மேஸ்திரி."

ஒலிவார் கத்தியை எடுத்துக்கொண்டார். வாசலில் ஒரு கணம் நின்றார், யாரும் கூப்பிடவில்லை. படியிறங்கிப் போனார்.

மிர்த்தா கதவைச் சாத்தித் தாழிட்டாள்.