சனிக்கிழமை மாடுகள்

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையில், இரண்டாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் பொலிகாளைக் கொட்டகை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் சவுரிராயன். 1934 ஜூன் முதல் தேதி வேலையில் சேர்ந்தவர். காளைக்குத் தீனி வைப்பது, கழுவிவிடுவது, வருகிற பசுவை மரச்சட்டத்துக்குள் நிறுத்திக் கட்டுவது எல்லாம் அவர்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மாட்டின் நிறம், உடையவர் பெயர், தேதி, கிழமை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவார். மிஷன் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்ற கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருக்காது.

1938 பிறந்ததிலிருந்து காளைக்குக் கெட்ட பெயர். சேர்த்த மாடுகள் சினை நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தன. காளைக்கு வலு போய்விட்டது என்று கால்நடை இலாகாவுக்கு மனு போயிற்று. மே பத்தாம் தேதி மேலதிகாரி வந்து பார்ப்பதாகக் கடிதம் வந்தது. அவர் கழித்துவிட்டால் காளைக்குக் காயடித்து வண்டி மாடாக அனுப்பிவிடுவார்கள்; கொட்டகையும் கிடையாது. சவுரிராயனுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. மறுபடியும் சேற்றில் இறங்கிக் கூலி வேலை செய்ய அந்தக் கால்கள் உதவாது.

மார்ச் 26, சனிக்கிழமை. பத்தரை மணி ராகு காலம் கழிந்ததும் கோவிந்தம்மாள் தன் செவலைப் பசுவை நான்காம் முறையாக ஓட்டி வந்தாள்.

"இன்னா சவுரி, உன் காளை சும்மா மோந்து பாத்துக்கினு நிக்குது? நாலு தபா இஸ்துக்கினு வந்துட்டேன். என் காலு தேஞ்சதுதான் மிச்சம்."

"காளை நிக்குதுங்க, மாடுதான் நிக்க மாட்டேங்குது. பாருங்க, விலகி விலகிப் போவுது. எப்பங்க பருவத்துக்குக் கத்திச்சு?"

"நேத்து விடியக்காலம்."

"நேத்தே ஓட்டியாந்திருக்கலாமே."

"நேத்து வெள்ளிக்கெழமை இல்ல? லச்சுமிய வெள்ளிக்கெழமையில எவளாவது வீட்ட விட்டு ஓட்டுவாளா?"

கட்டி நிறுத்தித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அவள் போன பிறகு சவுரிராயன் பதிவேட்டைப் பின்னுக்குப் புரட்டினார். செவலைப் பசு: ஜனவரி 22, பிப்ரவரி 12, மார்ச் 5, மார்ச் 26. நான்கும் சனிக்கிழமை. இடைவெளி இருபத்தொரு நாள், ஒரு நாள் கூடவில்லை, குறையவில்லை. இருபத்தொரு நாள் என்றால் சரியாக மூன்று வாரம். வெள்ளிக்கிழமையில் கத்துகிற மாடு அடுத்த முறையும் வெள்ளிக்கிழமையில்தான் கத்தும். மறுநாள் ஓட்டி வருவார்கள், சினை நிற்காது, மறுபடி வெள்ளி, மறுபடி சனி.

இரண்டு நாள் உட்கார்ந்து நான்கு வருஷத்து ஏட்டையும் பார்த்தார். திரும்பி வந்த மாடுகள் ஐம்பத்தேழு. அதில் நாற்பத்தொன்று சனிக்கிழமையிலோ புதன்கிழமையிலோ வந்தவை. செவ்வாயும் ஜனங்கள் மாட்டை அவிழ்க்காத நாள்.

மாட்டு டாக்டர் சக்கரபாணி அந்தப் பக்கங்களை நின்றபடியே படித்துவிட்டுப் பிறகு உட்கார்ந்தார்.

"சூலகத்துல ஒரு சுரப்பு ஊறி ரத்தத்துல கலக்கும்போதுதான் மாடு கத்துது. அது முக்கால் நாளுக்கு மேல தங்காது. அது வடிஞ்சா மாடு காளைக்கு நிக்காது. கட்டிச் சேர்த்தாலும் கருமுட்டை வெளிய வந்து வீணாப் போற நேரம் ஆயிடும். சினை இல்லன்னா உடம்பு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், இருபத்தொரு நாள் கணக்கு."

"அப்ப தப்பு காளை மேல இல்லீங்களே, டாக்டர்."

"ஏட்ட மட்டும் காட்டினா மேல இருக்கறவர் நம்ப மாட்டார். ஒரு மாட்டையாவது வெள்ளிக்கிழமையில கொண்டாந்து சேர்த்துக் காட்டு."

சவுரிராயன் கோவிந்தம்மாள் வீட்டு வாசலுக்கு நடந்தார். ஏப்ரல் 15 வெள்ளிக்கிழமை மாடு கத்தும், அன்றைக்கே ஓட்டி வரவேண்டும் என்றார்.

"வேதக்காரன் நீ, எனக்கு வெள்ளிக்கெழமையப் பத்திச் சொல்ல வந்துட்டியா?" என்றவள் விரலை மடக்கி எண்ணினாள். "ஏம்பா, அன்னிக்கு உங்க பெரிய வெள்ளி இல்ல? உன் சாமி செத்த நாளு. நீ கொட்டாய தொறப்பியா?"

எல்லாத் தேதியையும் பார்த்தவர் அதைப் பார்க்கவில்லை.

"தொறக்கறேங்க."

"மலட்டு மாடுன்னு தரகன் வேற தெனம் வாசல்ல வந்து குந்திக்கினு பேஜாரு பண்றான். சரி, வர்றேன். பாவத்துல ஆளுக்குப் பாதி."

பெரிய வெள்ளியன்று அவர் மனைவி அம்மணி அவருக்காகக் காத்திராமல் கோயிலுக்குப் போனாள். சவுரிராயன் ஒருசந்தி நோன்பின் வெறும் வயிற்றோடு கொட்டகையைத் திறந்தார். கோவிந்தம்மாள் ஊரார் கண்ணில் படாமல் வற்றிய ஏரிக்குள் இறங்கி ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தாள். மாட்டின் நெற்றியில் காலையில் இட்ட மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. சட்டத்தில் கட்ட வேண்டியிருக்கவில்லை. பசு தானாக நின்றது.

சினை நிற்காதிருந்தால் செவலை மே 6 வெள்ளியன்று மறுபடி கத்தி, அன்றோ மறுநாளோ வந்தாக வேண்டும்; வெள்ளியன்று வரவில்லை. மே 7, சனிக்கிழமை. சவுரிராயன் பொழுது சாயும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு இரண்டு மாடுகள் வந்தன. செவலை வரவில்லை. 'வரவில்லை' என்று ஏட்டில் எழுதினார். பத்தாம் தேதி மேலதிகாரி அந்த வார்த்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"வராத மாடு ஒரு சாட்சியா?"

டாக்டர் விடாமல் பேசினார். கடைசியில், செவலை கன்று ஈன வேண்டிய ஜனவரி வரைக்கும் தவணை கிடைத்தது. 1939 ஜனவரி 23, திங்கட்கிழமை, செவலை கிடாரிக் கன்று ஈன்றது. காளை தங்கியது.

யாரும் வந்து அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையிலும் செவ்வாயிலும் ஏரி வழியாக ஒன்றிரண்டு மாடுகள் வரத் தொடங்கின, பிறகு நாலைந்து. முன்பெல்லாம் அந்த இரண்டு நாளும் அவர் காலை நீட்டிக் கிடந்து முழங்காலுக்கு எண்ணெய் போடுவார். இப்போது அது இல்லை.

1939 ஏப்ரல் 7, பெரிய வெள்ளி. கோயிலுக்கென்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஏரிக்கரையில் மூன்று மாடுகள் ஏறி வந்துகொண்டிருந்தன. உள்ளே போய் வேட்டியை மடித்து வைத்துவிட்டுப் பழைய துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டார்.