பைலட் கண்ணாடி மாப்பிள்ளை

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில், துணிக்கடை வாசலில் கோட்டு போட்டு நின்ற பொம்மைக்குப் போன வாரம் நான் வணக்கம் வைத்தேன். பதில் வணக்கம் வரவில்லை என்று கோபமும் பட்டேன். எல்லாம் புதிதாக வாங்கி மாட்டியிருந்த பைலட் கண்ணாடியால் வந்த வினை. பொழுது சாய்ந்த பிறகும் கழற்ற மனம் வரவில்லை. மெல்லிய தங்கக் கம்பி, கன்னத்துக்கு வழிகிற துளி மாதிரி பச்சைக் கண்ணாடி. பேன்ட் அகலமாகி, ஒடுங்கி, மறுபடியும் அகலமாகிவிட்டது. இது மட்டும் அப்படியே இருக்கிறது. யார் போட்டாலும் ஒரு கெத்து வந்துவிடும். நான் போட்டால் மட்டும் திருஷ்டிப் பூசணிக்காய்தான் ஞாபகம் வருகிறது.

இதை நான் முதன்முதலில் பார்த்தது சந்தேகத்துக்குரிய ஒரு மூக்கின் மேல்.

அப்போது மூன்றாம் வகுப்பு படித்தேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, வெள்ளிமலையில் டீச்சர். திங்கட்கிழமை மலை பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவாள். வந்த வரன்களை எல்லாம் குட்டை, நெட்டை என்று தட்டிக் கழித்தவள், திருக்கோவிலூர் வரனுக்கு மட்டும் "வரட்டும்" என்றாள். பையனுக்குக் கரியாலூரில் வேலை. இதுவும் தவறினால் இனி மாப்பிள்ளை தேடுவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை அத்தை கண் சிவந்துதான் இறங்கினாள். பஸ் ஜன்னலில் தூசி விழுந்ததாம். நந்தியாவட்டைப் பூ பறித்து வந்தேன்; கண்ணில் ஒற்றி ஒற்றி, பெண் பார்க்கும் நாளுக்குள் தெளிந்துவிட்டது.

மாப்பிள்ளை வந்தார், பைலட் கண்ணாடியோடு. கூடத்தில் உட்கார்ந்தும் கழற்றவில்லை. கேசரி வந்தது, கழற்றவில்லை. ஏற்கெனவே ஒரு வரன் டோப்பா வைத்துக்கொண்டு வந்து போன வீடு எங்களுடையது. அம்மா அடுப்படியில் அப்பாவின் காதைக் கடித்தாள்.

"இன்னாங்க இது, வூட்டுக்குள்ள இன்னா வெயிலா அடிக்குது? மாறுகண்ணா இருக்கப் போவுது."

"நான் எப்டிடி கழட்டச் சொல்றது? மாப்பிள்ள வூட்டுக்காரங்க எழுந்து போய்ட்டா?"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். குழந்தை செய்தால் குற்றமில்லை அல்லவா. துப்பறிய அனுப்பப்பட்ட பெருமையில் நெஞ்சு விம்ம, மாப்பிள்ளை பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

"மாமா, ஒரே ஒருவாட்டி போட்டுக்கினு தரேன்."

"வேணாம்ப்பா, வேணாம்." அவர் நாற்காலியோடு பின்வாங்கினார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. எனக்கோ சந்தேகம் ஊர்ஜிதம். அவர் காபி டம்ளரை வாங்கக் குனிந்த நேரம், கண்ணாடியை உருவி என் மூக்கில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டு கண்ணும் நேராகத்தான் இருந்தன. ஆனால் பழமிளகாய் நிறத்தில்.

"மெட்ராஸ் ஐ-ங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, தலையைச் சொறிந்துகொண்டு. "ரெண்டு வாரம் தள்ளி வைக்கலாம்டான்னா கேக்க மாட்றான். இன்னிக்கே போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்."

பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று கூடமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருவர் சுவரைப் பார்த்தார், ஒருவர் காலண்டரை. காபித் தட்டோடு நின்ற அத்தை மட்டும் அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியதில் டம்ளர்கள் ஆடின. அத்தைக்கு என்ன தைரியம் என்று நான் வியந்தேன். மாப்பிள்ளைக்கு மாறுகண் இல்லை என்பதே அப்பாவுக்குப் போதும். அங்கேயே தாம்பூலம் மாற்றினார். துப்பறிந்த கூலியாக எனக்கும் கண் சிவந்து, பள்ளிக்கூடம் லீவு.

மாமா மாப்பிள்ளை அழைப்புக்கும் அதே கண்ணாடிதான். தலை நரைத்த பிறகும் அதே மாடல்தான். யாரும் இப்போது சந்தேகப்படுவதில்லை. எனக்குத்தான் மூளை மலை பஸ்ஸைவிட மெதுவாக ஏறுகிறது. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஓடியது ஒரே பஸ். தூசி விழுந்தது அத்தைக்கு, அடுத்த வாரமே கண் சிவந்தது மாமாவுக்கு. இது பொம்மைக்கு வணக்கம் வைத்த அன்றுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியும் கெத்துமாக அத்தை வீட்டுக்குப் போனேன். மாமா இலையில் குனிந்திருந்தார். மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்த, அந்தக் கண்ணு வலி மாமாவுக்கு யார்கிட்டேர்ந்து ஒட்டுச்சி?"

மாமாவுக்குப் புரையேறியது. அத்தை என் இலையில் குழம்பை ஊற்றினாள்.

"கண்ணாடிய கழட்டிட்டு சோத்த துன்னுடா."