மறியலய்யா வழியனுப்பினால்

வந்தவரை வாசல் படலை வரை கூட்டிவந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "சரி, போங்கோ" என்கிறார் அமிர்தநாயகம். போய் வருவதாக, "போட்டு வாறன்" என்று சொல்ல வாயெடுத்தவர் திகைத்து நிற்கிறார். நம் பக்கத்தில் யாரும் யாரையும் வெறுமனே 'போ' என்று அனுப்புவதில்லை. செத்த வீட்டிலிருந்து புறப்படும்போதுகூடச் சொல்லாமல் எழும்பி வருவோமே தவிர, 'போறன்' என்று சொல்லமாட்டோம். முதல் தடவை எனக்கும் சுருக்கென்றது. பாணும் சம்பலும் தந்து, பிளேன்ரீயும் ஊற்றிக் கொடுத்த மனிதர் இப்படிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறாரே என்று நினைத்தேன்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது உத்தியோகம் பழக்கிய நாக்கு. மறியல்சாலையில் காவலராகச் சேர்ந்து, ஜெயிலராகி, கடைசியில் தெற்கே ஒரு சிறைச்சாலையையே நிர்வகித்துவிட்டு இளைப்பாறியவர்; ஊருக்கு அவர் மறியலய்யா. மறியலில் வழக்கம் தலைகீழ். விடுதலையாகிறவன் வாசலில் நின்று, பழக்க தோஷத்தில் "போட்டு வாறன் ஐயா" என்றால் மற்றக் காவலர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். இவர் சிரிக்கமாட்டார். "வாறன் எண்டு சொல்லப்படாது. போறன் எண்டு சொல்லு. நேர போ, திரும்பிப் பாராத" என்பார். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். மனிதருக்குத் தெரிந்த பெரிய ஆசீர்வாதம் அதுதான்.

சண்டை முடிந்து, மன்னார்க் கரையில் எங்கள் ஊரான அரிப்புப் பக்கம் சனம் திரும்பத் தொடங்கியபோது, அவர் கொழும்பில் மகளின் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே இருந்திருக்கலாம். வந்து எல்லாரையும் போலத் தறப்பாள் கூரைக் கொட்டிலில் படுத்தார். ஊர்ச் சங்கத் தலைவர் பதவி தேடி வந்தது. கரைக்குப் போகும் பாதையைப் படைமுகாம் மறித்திருந்த காலம் அது. காலையில் மடிப்புக் குலையாத சேட்டோடு போய் முகாம் வாசலில் இருப்பார். விரட்டினாலும் கோபிக்கமாட்டார். பாதை திறந்த பிறகு எப்படி முடிந்தது என்று கேட்டேன். "சிங்களம் தெரிஞ்சாப் போதாது தம்பி, காத்திருக்கவும் தெரியவேணும். மறியல்ல ரெண்டும்தான் படிச்சனான்" என்றார்.

பொழுதுபட்டதும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றுவார். எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எதில் எரியவில்லை என்று பார்த்துக்கொண்டே போவார். எரியாவிட்டால் அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்காது. "மறியல்லயும் ஆள் குறையப்படாது, இங்கயும் ஆள் குறையப்படாது" என்று தன்னைத்தானே பகிடி பண்ணுவார். ஆனால் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவதில்லை. சாவிக்கொத்துத் தொங்கிய இடுப்பு, துறப்பைக் கண்டாலே நோகுதாம்.

இவ்வளவும் செய்தும் ஊர்ப் பெண்களுக்கு அந்த வாய் ஆகாது. கடலுக்குப் புறப்படும் நேரத்தில் இவர் எதிரே வந்தால், அருள்நாயகி தன் கணவர் சிங்கராசாவை வீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார். "தங்கமான மனிசன். நாக்குத்தான் கருநாக்கு" என்பார். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் சில, விசா எடுத்துச் சொந்தக்காரரைப் பார்க்கப் போய், அப்படியே அங்கு தங்கிவிட்டன. தண்ணீர் பவுசர் லொறியில் வரவேண்டிய ஊரில் யார்தான் தங்குவார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அருள்நாயகி கேட்கவில்லை. "எல்லாரையும் போங்கோ எண்டு அனுப்பினது ஆர்?" என்றார். அந்தக் கதை அமிர்தநாயகத்தின் காதுக்கும் போயிற்று. மனிதர் இடிந்துபோனார். அதற்குப் பிறகு சில நாட்கள் யாரையும் படலை வரை கூட்டி வரவில்லை.

அப்போதுதான் புஸ்பமும் கணவர் யோசேப்பும் தமிழ்நாட்டுக்கு வெளிக்கிட்டார்கள். மூத்த மகள் சோபனா முகாமில் இருந்த காலத்திலேயே அங்கு கலியாணம் முடித்து, இப்போது தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். போகாமல் இருக்க முடியாது. போனால் வருவார்களா என்பதுதான் ஊரின் கேள்வி.

நானும் அந்த பஸ்ஸில் மன்னாருக்குப் போக நின்றேன். அருள்நாயகியும் வழியனுப்ப வந்திருந்தார். புஸ்பம் வீட்டுத் துறப்பை அமிர்தநாயகத்திடம் நீட்டினார். "நீங்களே வச்சிருங்கோ ஐயா. நாங்கள் வர முந்தும் பிந்தும்."

அமிர்தநாயகம் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் பிள்ளை. ஊராற்ற துறப்பு என்ர இடுப்பில தொங்கினது போதும். உங்கட வீடு, உங்கட துறப்பு."

புஸ்பம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு மிதிபலகையில் ஏறினார். "அப்ப போட்டு வாறம் ஐயா."

எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். "போ..." என்று தொடங்கியவர் நின்றார். பிறகு, புதுப் பாஷை பழகுகிறவர் போல, "போட்டு... வாங்கோ" என்றார். அருள்நாயகி வாய்க்குள் மாதாவே என்றது எனக்குக் கேட்டது.

பஸ் நகர்ந்தது. எனக்கு முன் இருக்கையில் புஸ்பம், அழுகையை அடக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நேரே பார்த்தபடி இருந்தார். திடீரென்று பஸ்ஸின் பக்கத் தகரத்தில் 'பட்' என்று ஓர் அடி. சாரதி நிறுத்தினார். ஓடி வந்ததில் அமிர்தநாயகத்துக்கு மூச்சு வாங்கியது.

"என்ன ஐயா, ஏறப்போறியளோ?" என்றார் கொண்டக்டர்.

அமிர்தநாயகம் தகரத்தில் வைத்த கையை எடுக்காமல் ஜன்னலுக்குக் கீழேயே நின்றார். புஸ்பம் மெல்லத் திரும்பி, அவரையும் அவருக்குப் பின்னால் இருந்த ஊரையும் ஒருமுறை பார்த்தார். அதன் பிறகுதான் அமிர்தநாயகம், போகலாம் என்று, தகரத்தில் மறுபடி தட்டினார்.