எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் கெட்டுப்போவது மெஷின், திட்டு வாங்குவது நாம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர், அதிலேயே ஓரமாக ஒரு ரிப்பேர் மேஜை, மற்ற நேரத்தில் மறைமலைநகர், திருப்போரூர், மாமல்லபுரம் என்று ஸ்கூட்டரில் சுற்றல். இதுதான் என் பிழைப்பு. கீபோர்டைத் தலைகீழாகத் தட்டிக் காராபூந்தி எடுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் சொந்தக்காரர்கள். இன்றைக்கு ‘கிளவுட்’ என்று எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிற சங்கதியை, அந்தப் பெயர் நம் பக்கம் வருவதற்கு முன்பிருந்தே புரியவைக்கப் பார்த்தவன் நான். அதில் பட்ட பாடு கொஞ்சம் கேளுங்கள்.

மூணாம் நம்பர் சீட்டு

தொண்ணூறுகளின் கடைசி. ரிட்டயர்டான கணக்கு வாத்தியார் வரதராஜன் சார் தினமும் காலையில் கடைக்கு வருவார். அவர் பெண் அமெரிக்காவில் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். மெயில் பார்ப்பதென்றால் மூணாம் நம்பர் சீட்டில்தான் உட்காருவார். ஒருநாள் அதில் வேறு ஆள் இருந்தார். பக்கத்துச் சீட்டெல்லாம் காலி. சார் மட்டும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“இங்க உட்காருங்களேன் சார்” என்றேன். “என் மெயிலெல்லாம் அதுலதானே இருக்கு?” என்றார். உங்கள் மெயில் மூணிலும் இல்லை, இந்தக் கடையிலேயே இல்லை, எங்கேயோ வெளிநாட்டில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது, எந்த மெஷினில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டாலும் வரும் என்று விளக்கினேன். பரிதாபமாக என்னைப் பார்த்தார். கையைப் பிடித்து அழைத்துப் போய் ஐந்தாம் நம்பரில் உட்காரவைத்தேன். மெயில் திறந்தது. பேத்தி பிறந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். கடையில் இருந்தவர்களெல்லாம் வந்து கைகொடுத்தோம். சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“அதுல வர்ற மெயில் இதுலயும் வருதுன்னா, எல்லாத்துலயும் ஒரு காப்பி எடுத்து வச்சு நீங்க படிக்கிறீங்களா?”

தனக்குத் தானே

மாமல்லபுரத்தில் கடலுக்குப் பக்கத்தில் கல்பட்டறை வைத்திருந்தார் பெருமாள். வெளிநாட்டில் கட்டுகிற ஒரு கோயிலுக்குச் சிலைகள் செய்ய ஆர்டர் எடுத்திருந்தார். ஒவ்வொரு சிலைக்கும் அளவு போட்ட வரைபடம், அங்கிருந்தவர்கள் சொன்ன திருத்தம், போட்டோ எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. மெயில் கம்பெனிகள் தாராளமாக இடம் கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. “எல்லாத்தையும் உங்க மெயிலுக்கே அனுப்பி வையுங்க, மெஷினுக்கு ஒண்ணு ஆனாலும் அது இருக்கும்” என்றேன். “எனக்கு நானே லெட்டர் போட்டுக்கினா ஊரு சிரிக்காதா?” என்று அவர்தான் சிரித்தார். ஆனாலும் நான் நச்சரித்த நச்சரிப்பில் வாராவாரம் அனுப்பினார். ஒவ்வொன்றையும் ‘அன்புள்ள பெருமாளுக்கு’ என்று ஆரம்பித்து ‘இப்படிக்கு பெருமாள்’ என்று முடிப்பார்.

பிறகு அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமை கடல் உள்ளே வந்தது. பட்டறைக்கு விடுமுறை. வீடும் தள்ளி மேட்டில் இருந்ததால் அவர் குடும்பத்தில் எல்லோரும் பிழைத்தார்கள். அக்கம்பக்கத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. ரோடு திறந்தபிறகு நான் போனபோது, அரைகுறையாகச் செதுக்கிய கற்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மேஜை இல்லை, சிடி இல்லை, காகிதம் ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே ஈர மணல். அளவு இல்லாமல் எந்தச் சிலையில் உளி வைப்பது? வாங்கிய முன்பணம் கல்லாகவும் கூலியாகவும் மாறிவிட்டது. பெருமாள் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கூட்டரில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்து அவர் மெயிலைத் திறந்தேன். அன்புள்ள பெருமாளுக்கு, அன்புள்ள பெருமாளுக்கு என்று வரிசையாக நின்றது. ஒவ்வொரு படமாகத் திறக்கத் திறக்க, திரையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

“ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டுக்கீறேன் தம்பி, எவனும் பத்திரமா வச்சுக்கல. எனக்கே போட்டுக்கினதுதான் நின்னுச்சு.”

பொட்டு வைத்த சர்வர்

மறைமலைநகரில் கார் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்னப் பாகங்கள் செய்துகொடுக்கும் பட்டறை நடராஜனுடையது. அவருடைய ஆபீசில் ஏசி இருந்தது ஒரே அறையில். அதில் குடியிருந்தது சர்வர். ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வருஷம் முழுக்க அதன் நெற்றியில் இருக்கும். வெயில் காலத்தில் ஆபீசே அந்த அறையில்தான் நடக்கும். அந்தச் சர்வர் மாதம் ஒருமுறை படுத்துவிடும். நானும் மாதம் ஒருமுறை போய் அதை எழுப்புவேன்.

ஒருநாள் அலுத்துப்போய் அவரிடம் சொன்னேன். கரண்டுக்கு நாம் ஜெனரேட்டர் வாங்கி ஓட்டிக்கொண்டா இருக்கிறோம்? மின்வாரியம் தயாரிக்கிறது, உபயோகித்த அளவுக்குக் கட்டுகிறோம். அதேபோல் இனிமேல் கம்ப்யூட்டரையும் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர் வைத்துப் பராமரிக்கும். உங்கள் கணக்கு, சாஃப்ட்வேர் எல்லாம் அங்கே இருக்கும். நெட் வழியாக நீங்கள் வேலை செய்துகொள்ளலாம். இடம் போதவில்லையா, கூடக் கேட்டால் கொடுப்பார்கள். வேலை குறைந்தால் குறைத்துக்கொள்ளலாம்.

நடராஜன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். “எவன் கம்ப்யூட்டர்லயோ என் கணக்கா?” என்று அங்கே மட்டும் நின்றார். நானும் விடவில்லை. “பேங்க்ல பணம் போடலையா சார்? வீட்டிலேயா வச்சிருக்கீங்க?” என்று மடக்கினேன். மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“பேங்க்ல போட்டது எதுக்கு? என் சம்சாரம் பார்க்கக் கூடாதுன்னு. இதை யாரு பார்க்க மாட்டாங்கன்னு நீ உத்தரவாதம் தருவே?”

ஏணி

அடுத்து திருப்போரூர். வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலத்தில் ஆறுமுகம் அண்ணன் பிளாட் விற்றுக்கொண்டிருந்தார். அதற்குள் ‘கிளவுட்’, அதாவது மேகம், என்ற பெயரும் வந்துவிட்டது. மழை வந்தால் கரைந்துவிடுமா என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அண்ணன் அப்படிக் கேட்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம். அவருடைய லேஅவுட் படங்கள், பத்திரங்களின் நகல் எல்லாவற்றையும் நெட்டில் ஏற்றி, “இனிமே எங்கிருந்து வேணும்னாலும் பார்க்கலாம்” என்று சொல்லிக் கொடுத்தேன்.

முதல் வாடிக்கையாளர்கள், கணவனும் மனைவியுமாக, சென்னையிலிருந்து வந்தார்கள். நான் பெருமையாக மவுஸைப் பிடித்தேன். கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் போனது. “என்னங்க, கிழக்குப் பார்த்த மனை எதுன்னு காட்டுவீங்களா, மாட்டீங்களா?” என்று அந்தம்மா எழுந்தே விட்டார். அண்ணன் அசரவில்லை. பீரோ மேலிருந்து சுருட்டிய பேப்பர் லேஅவுட்டை எடுத்து மேஜைமேல் விரித்து, விசிறிக்கொண்டே மனையைப் பேசி முடித்தார். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து என் தோளில் தட்டினார்:

“உன் மேகம் மேலதான் கீது, நான் இல்லேன்னு சொல்லல. ஏணியத்தான் கரண்ட்காரன் தூக்கினு பூட்டான்.”

வருங்காலம்

பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றின் லேபை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வருமானத்தில் பெரும்பகுதி அந்தக் கான்ட்ராக்ட். அங்கே கிளவுட் கம்ப்யூட்டிங்கின் வருங்காலம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். மைக்கைப் பிடித்ததும் எனக்கே ஆவேசம் வந்துவிட்டது. இனிமேல் மேஜைமேல் இருப்பது வெறும் கண்ணாடித் திரைதான், மூளையெல்லாம் வேறெங்கோ இருக்கும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டதே என்று யாரும் அழமாட்டார்கள். செல்போனிலேயே ஆபீஸ் நடக்கும். மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காரும் வேலையே இருக்காது என்றெல்லாம் அடித்துவிட்டேன். கைதட்டல் ஓயவில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்த தாளாளர் மேடைக்கு வந்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அப்படியே மைக்கையும் வாங்கிக்கொண்டார்:

“அற்புதமான பேச்சு. இனிமே ரிப்பேர் வேலையே இருக்காதுன்னு சாரே சொல்லிட்டதால, அவரோட சர்வீஸ் கான்ட்ராக்ட்டை இந்த வருஷத்தோட முடிச்சுக்கலாம்னு நினைக்கிறோம்.”

நான் சொன்ன இவர்கள் எல்லோருமே இன்று தங்கள் சரக்கை எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள், அது திறக்காத அன்றைக்கு மட்டும் போன் எனக்குத்தான் வருகிறது.